சத்தம் போடாத வண்டி

எழுபதுகளின் பின்பாதியில் கும்மிடிப்பூண்டியில், இரும்புக் குழாய் செய்கிற ஒரு தொழிற்சாலையில் நான் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். தினமும் பொன்னேரியில் ரயில் ஏறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, கம்பெனி லாரி கிடைத்தால் அதில், கிடைக்காவிட்டால் பொடிநடையாக கேட் வரைக்கும் போவேன். ஆபீசில் நான் ஒருத்திதான் பெண். அதனால் டெலிபோனுக்குச் சம்பந்தமே இல்லாத பல வேலைகள் என் தலையில் விழும். ஆயுத பூஜைக்குக் கோலம் போடுவது, மேனேஜர் தன் மனைவிக்கு வாங்கிய சேலையின் நிறத்துக்குப் பெயர் சொல்வது, கேன்டீன் ரவா உப்புமாவில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டு பேட்டரி வண்டிகளில் எது உசத்தி என்று தீர்ப்பு சொல்கிற வேலையும் அப்படித்தான் என்னிடம் வந்தது.

பேட்டரி வண்டி என்றால் பெட்ரோலும் டீசலும் இல்லாமல் கரண்டில் ஓடுகிற வண்டி. ராத்திரி முழுக்க ஒயரில் கட்டிப்போட்டு சார்ஜ் ஏற்றினால் பகலெல்லாம் ஓடும் என்பது கணக்கு. தொழிற்சாலைக்குள்ளே ஒரு ஷெட்டிலிருந்து இன்னொரு ஷெட்டுக்குச் சாமான் கொண்டுபோக வைத்திருந்தார்கள். எங்களிடம் இருந்த பழைய வண்டி, மெட்ராஸ் ஹார்பரில் மூட்டை சுமந்து களைத்துப்போய் எங்களிடம் வந்து சேர்ந்தது. நாலு சக்கரத்தின் மேல் ஒரு இரும்புத் தகடு, முன்னால் டிரைவர் நின்றுகொண்டு திருப்ப ஒரு கம்பி. அவ்வளவுதான் வண்டி. கேன்டீனிலிருந்து ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து அந்தத் தகட்டின் மேல் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். மேனேஜர் ரவுண்ட்ஸ் போகும்போது அதில்தான் உட்கார்ந்து போவார்.

அதை ஓட்டியவர் பழவேற்காட்டுக்காரர். அவர் குடும்பத்தில் எல்லாரும் கருவாடும் கயிறும் விற்கிற வியாபாரிகள். இவர் ஒருவர்தான் தராசைப் பார்த்தாலே தூக்கம் வருகிறது என்று சொல்லிவிட்டு கம்பெனி வேலைக்கு வந்தவர். எல்லாரும் அவரைப் பாய் என்று கூப்பிடுவோம். நல்ல உயரம். வண்டியில் நின்றபடி வரும்போது கோயில் தேர் அசைந்து வருவது போலவே இருக்கும். சத்தமும் தேரைவிடக் குறைந்ததில்லை. கரண்டு வண்டிக்குச் சத்தம் ஏது என்று நீங்கள் கேட்கலாம். மோட்டார் சும்மாதான் இருக்கும். மற்ற எல்லாம் பேசும். தகடு தடதடக்கும், செயின் கொரகொரக்கும், பெஞ்சு லொடலொடக்கும், பேட்டரிப் பெட்டியின் மூடி அடித்துக்கொள்ளும். மேனேஜர் ஆபீஸ் வாசலில் ஏறி உட்கார்ந்தார் என்றால் கடைசி ஷெட்டில் இருப்பவன் நிதானமாக எழுந்து, முகம் கழுவி, வாய் கொப்பளித்து, மெஷின் பக்கத்தில் போய் நின்றுகொள்ளலாம்.

இந்தத் தமிழ்நாட்டிலேயே தன்னுடைய ஆட்களைப்போல உழைப்பாளிகள் கிடையாது என்று மேனேஜர் மனதார நம்பினார். எந்த நேரத்தில் போய்ப் பார்த்தாலும் எல்லாரும் வேர்த்து விறுவிறுத்து வேலை செய்துகொண்டிருந்தால் அவர்தான் என்ன செய்வார்?

அப்போதுதான் புது வண்டி வந்தது. வடக்கே எங்கிருந்தோ லாரியில் வந்து இறங்கியது. காற்றடைத்த டயர், முன்னால் கண்ணாடி, ரெக்சின் தைத்த சீட்டுகள், பின்னால் சாமான் வைக்கப் பெட்டி, ஹெட்லைட், ஹார்ன். இளம்பச்சை நிறத்தில் கல்யாணப் பெண்ணைப்போல நின்றது. அதை ஓட்ட, கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரைப் போட்டார்கள். அவர் ஆரம்பாக்கத்துப் பக்கம், ஆந்திரா எல்லையை ஒட்டின கிராமம். சின்னவர் பெரியவர் என்று பார்க்காமல் ஆண்பிள்ளைகள் எல்லாரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். அதனால் அவருக்கும் நைனா என்றே பெயர் விழுந்துவிட்டது. புது வண்டி கைக்கு வந்த மறுநாளே கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். ஷெட்டுக்குள் இருட்டில்கூட அதைக் கழற்றவில்லை.

பாயும் நைனாவும் அதுவரை ஒரே கேரியரில் சாப்பிட்டவர்கள். புது வண்டி வந்ததும் இருவருக்கும் நடுவில் ஒரு மரியாதை வந்து உட்கார்ந்துகொண்டது. சண்டையைவிட அது மோசமாக இருந்தது.

ஒரு நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இதே மாதிரி இன்னொரு வண்டி வாங்கிட்டு பழசை வித்துடலாமான்னு முதலாளி கேக்கறார். அவர் வைஃபும் ஃபேக்டரியைப் பாக்க வரப்போறாங்களாம். நீ ரெண்டு வண்டியிலயும் ஒரு ரவுண்ட் போய்ட்டு வா. லேடீஸ் உக்காந்தா எப்படி இருக்குன்னு உண்மையா சொல்லு."

"டெலிபோன் போர்டை யார் சார் பாத்துப்பாங்க?"

"நான் பாத்துக்கறேன், போ."

முதலில் பாயின் வண்டி. அவர் தன் தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி, பெஞ்சின் மேல் விரித்துவிட்டார்.

"நீதான் ஜட்ஜாமே தங்கச்சி? ஏறு ஏறு. கம்பிய கெட்டியா புட்சிக்கோ. பேசாத, நாக்க கடிச்சிக்குவ."

பேசாமல் இருக்க முடிகிறவளா நான்? கிளம்பின கொஞ்ச நேரத்திலேயே, "பாய், மெதுவா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். "பா-பா-பாய், மெ-மெ-மெ" என்று ஆட்டுக்குட்டிதான் வெளியே வந்தது. கொண்டை ஊசி ஒன்று தெறித்து விழுந்தது. அவர் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய், மண்ணில் தேடி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். கொஞ்ச தூரத்தில் இன்னொன்று விழுந்தது. அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, "எல்லாத்தயும் கயட்டி கைல வெச்சிக்கோ, நமக்கு வேலை மிச்சம்" என்றார்.

எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேடு. அதை மேடு என்று சொல்வதற்குக்கூட அந்த வண்டியில் போயிருக்க வேண்டும், நடந்து போகிறவர்களுக்குத் தெரியாது. வண்டி அங்கே வந்ததும் பெருமூச்சு விட்டு நின்றது. பாய் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எங்கிருந்தோ இரண்டு பேர் வந்து, யாரும் கூப்பிடாமலேயே தோள் கொடுத்தார்கள். அது போதவில்லை. நானும் இறங்கி, முந்தானையைச் செருகிக்கொண்டு தள்ளினேன். தீர்ப்பு சொல்ல வந்தவளே வண்டியைத் தள்ளுகிறாள் என்ற செய்தி நாங்கள் அடுத்த ஷெட் போய்ச் சேருவதற்குள் அங்கே போய்விட்டது. வழியெல்லாம் ஆட்கள் கையசைத்தார்கள். ஒருவர் தன் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டதாக ஓடிக்கொண்டே சொன்னார். வண்டியைவிட அவர் வேகமாக ஓடியதால் விவரமாகவே சொல்ல முடிந்தது.

அடுத்து நைனாவின் வண்டி.

"குந்துங்க மேடம். கண்ண மூடிக்கினு குந்துங்க. வண்டி போவுதா நிக்குதான்னே தெரியாது."

உண்மையாகவே தெரியவில்லை. தண்ணீரில் படகு நழுவுவது போலப் போயிற்று. மேட்டில் ஏறியதே தெரியாமல் ஏறி இறங்கியது. எனக்கு அந்த சுகத்தில் சிரிப்பே வந்துவிட்டது. ஆனால் திரும்பிய இடமெல்லாம் பார்க்கக்கூடாத காட்சியாக இருந்தது. தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் ஒருவர் துண்டோடு குளித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் "ஐயோ எம்மா" என்று வாளிக்குப் பின்னால் உட்கார்ந்தார். வாளி சின்னது. ஸ்டோருக்குப் பின்னால் நாலு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் நிழல் சீட்டின் மேல் விழுந்த பிறகுதான் தலை நிமிர்ந்தார்கள். இன்னொருவர் பீடியை அவசரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சொல்லுங்கக்கா" என்றார். பையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. "ஒண்ணுமில்ல அண்ணே, முதல்ல அதை எடுத்துப் போடுங்க" என்றேன்.

வழக்கமாகப் பாதையின் நடுவில் படுத்திருக்கும் ஒரு செம்பட்டை நாய் உண்டு. பழைய வண்டி நூறு அடி தள்ளி வரும்போதே எழுந்து, சோம்பல் முறித்து, ஒதுங்கி நிற்கும். அன்றைக்குப் புது வண்டியின் டயர் வாலைத் தொட்ட பிறகுதான் அதற்கு விஷயம் தெரிந்தது. துள்ளி எழுந்து எங்களை ஒரு பார்வை பார்த்தது. குரைக்கக்கூட இல்லை. அன்று சாயங்காலமே பக்கத்துக் கெமிக்கல் கம்பெனிக்குக் குடிபோய்விட்டது.

மேனேஜர் தன் அறையில் பாயையும் நைனாவையும் வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார். பாய் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நைனா கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்ல முடியும்? என் இடுப்பு எலும்பே சாட்சி.

"புது வண்டிதான் சார் நல்லா இருக்கு."

வெளியே வந்ததும் பாயிடம் மன்னிப்பு கேட்பதுபோல நின்றேன். அவர், "இதுல இன்னா கீது தங்கச்சி? எனக்கு கண்ணு இல்லயா? நானே ஒரு நாளு அந்த வண்டில ரவுண்டு போனேன், நைனா இல்லாத நேரமா பாத்து. ஜோரா கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாய் மன்னித்தாலும் தொழிற்சாலை மன்னிக்கவில்லை. ஏனென்றால் மறுநாளிலிருந்து மேனேஜர் புது வண்டியில் ரவுண்ட்ஸ் போக ஆரம்பித்தார். முதல் ரவுண்டு முடிந்து வந்தபோது அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வலையில் பெரிய மீன் விழுந்த சந்தோஷமும், இத்தனை வருஷம் ஏமாந்துபோன துக்கமும் மாறி மாறி வந்தன. தூங்கினவர்கள், சீட்டாடினவர்கள், மெஷினை ஓடவிட்டு நாஷ்டா சாப்பிட்டவர்கள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் மாட்டினார்கள். முன்ஜாக்கிரதையாக நைனா ஹார்னை அடிக்கப் போனால், "அடிக்காதே, பேட்டரி தீர்ந்துடும்" என்று தடுத்துவிடுவார். ஒரு ஹார்னில் எவ்வளவு பேட்டரி தீரும் என்று யூனியன்காரர்கள் போய்க் கேட்டார்கள். அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம் என்று மேனேஜர் சொல்லி அனுப்பிவிட்டார்.

கோபமெல்லாம் என் மேலும் நைனா மேலும் திரும்பியது. கேன்டீனில் எனக்கு மட்டும் சாம்பாரை மேலாக மொண்டு ஊற்றினார்கள். காய் என்று ஒன்று அதில் இருந்ததாக ஞாபகமே இல்லை. ஷெட்டுகளிலிருந்து போன் செய்கிறவர்கள் "நம்பர் குடுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். நைனா பெஞ்சில் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து போனார்கள். நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் பச்சைக் குழந்தை மாதிரி இருந்தது.

"பேஜாரா கீது மேடம். வண்டிக்கு சத்தம் இல்லன்னா நான் இன்னா பண்றது? நானா அத செஞ்சேன்?"

நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு மத்தியானம் பாய் தன் கேரியரோடு வந்து நைனாவின் எதிரில் உட்கார்ந்தார். என்னையும் கைகாட்டிக் கூப்பிட்டார். மூடியைத் திறந்து இறால் தொக்கை நைனாவின் சோற்றில் கவிழ்த்தார்.

"துன்னு நைனா. வண்டிக்கும் வண்டிக்கும்தான் போட்டி. நமக்கு இன்னா?"

நைனா சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. தொக்கு காரமும்தான். அன்றைக்கு எனக்கு சாம்பாரில் ஒரு முருங்கைக்காய் விழுந்தது.

முதலாளி வருவதாகச் சொன்ன நாளும் வந்தது. மூன்று மணிக்கு வருவதாக ஏற்பாடு. கேட்டில் வாழைமரம், ஆபீசில் ரோஜா மாலை எல்லாம் தயார். ஆனால் சாப்பாட்டு வேளை முடிந்த கொஞ்ச நேரத்திலேயே முதலாளியின் கார் வந்து நின்றது. வழியில் ரயில்வே கேட் திறந்தே இருந்ததாம். அந்த ரோட்டில் அப்படி நடக்கும் என்று யாருமே எதிர்பார்த்திருக்க முடியாது.

நான் மேனேஜர் அறைக்கு மணி அடித்தேன். எடுக்கவில்லை. போன் இருந்த ஷெட்டுகளுக்கெல்லாம் அடித்தேன். யாரும் பார்க்கவில்லை என்றார்கள். முதலாளி நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். "பரவாயில்லைம்மா, நாங்களே ஒரு சுத்து பாத்துட்டு வரோம்" என்றார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் வாயேன், எனக்குத் துணைக்கு" என்றார். நைனா கண்ணாடியை மாட்டுவதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, மாட்டாமலே வந்து உட்கார்ந்தார். முதலாளி முன்னால் அவர் பக்கத்தில், நானும் முதலாளியம்மாவும் பின் சீட்டில்.

குழாய் ஷெட், ஸ்டோர், எடைமேடை எல்லாம் பார்த்தாயிற்று. முதலாளி வருகிறார் என்று தெரிந்திருந்ததால் எல்லாரும் நிஜமாகவே வேலை செய்துகொண்டிருந்தார்கள். கடைசியாக பேக்கிங் ஷெட். குழாய்களைப் பொருத்துகிற சின்னச் சின்ன சாமான்களைச் சாக்கில் கட்டி அடுக்கி வைக்கிற இடம் அது. ஆட்கள் எல்லாம் லாரி ஏற்றுவதற்குப் போயிருந்தார்கள். நைனா சாக்கு அடுக்குகளின் நடுவே வண்டியை நழுவவிட்டு, மூலையில் திருப்பி, அப்படியே நிறுத்திவிட்டார்.

எங்களுக்கு நேர் எதிரில், காலிச் சாக்குக் கட்டு ஒன்றின் மேல், மேனேஜர் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஷூவைக் கழற்றி ஜோடியாக வைத்திருந்தார். மூக்குக் கண்ணாடி ஷூவுக்குள் பத்திரமாக இருந்தது. ஒரு கை கன்னத்துக்கு அடியில், இன்னொரு கை மார்பில். அவ்வளவு நிம்மதியான தூக்கத்தை நான் எந்தத் தொழிலாளியிடமும் பார்த்ததில்லை.

பிற்பாடுதான் விவரம் தெரிந்தது. மத்தியானத்தில் பேக்கிங் ஷெட்டில் யாரோ வந்து தூங்குகிறார்கள் என்று அவருக்குத் தகவல் போயிருக்கிறது. முதலாளி வருவதற்குள் ஆளைப் பிடித்துவிட வேண்டும் என்று தானே போய் மறைவில் உட்கார்ந்திருக்கிறார். வெயில் வேளை, சாப்பிட்ட வயிறு, மெத்தென்ற சாக்கு. திருடனுக்காகக் காத்திருந்தவரைத் தூக்கம் பிடித்துக்கொண்டது.

நைனா முதலாளியைப் பார்த்தார். முதலாளி மனைவியைப் பார்த்தார். முதலாளியம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "பாவம், எழுப்பாதீங்க" என்றார். முதலாளி கையால் பின்னால் போகும்படி சைகை காட்டினார். வண்டி வந்த சுவடு தெரியாமல் பின்வாங்கியது.

வெளியே வந்த பிறகு முதலாளி கேட்டார்: "ஏம்பா, இந்த வண்டிக்கு ஹார்னே இல்லையா?"

"கீது சார். பேட்டரி தீந்துடும்னு மேனேஜர் சார் அடிக்க வாணாம்னு சொல்லிக்கிறாரு."

முதலாளியம்மாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. வாய்விட்டே சிரித்தார். எனக்கும் சிரிப்பு முட்டியது. வேலை போய்விடுமே என்று தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆபீஸ் வாசலில் பாய் நின்றிருந்தார். நைனா இறங்கிப் போய் அவர் காதில் ஏதோ சொன்னார். பாய் உடனே தன் வண்டியில் ஏறிக்கொண்டு பேக்கிங் ஷெட்டை நோக்கிக் கிளம்பினார். அந்த வண்டி அவ்வளவு சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. மேட்டில்கூட நிற்கவில்லை. தடதட, கொரகொர, லொடலொட என்று ஷெட்டைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு, உள்ளே எட்டியும் பார்க்காமல், சாமான் எடுக்கப் போகிறவர் மாதிரி நேராகப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் வேகவேகமாக நடந்து வந்தார். உடுப்பில் குறையில்லை. ஷூ, மூக்குக் கண்ணாடி எல்லாம் அதனதன் இடத்தில். ஆனால் இடது கன்னம் முழுக்கச் சாக்கின் பின்னல் அப்படியே குறுக்கும் நெடுக்குமாகப் பதிந்திருந்தது. தலையில் ஒரு சணல் நூல் நின்றது.

"மன்னிக்கணும் சார். ஒரு சர்ப்ரைஸ் செக்கிங்ல இருந்தேன்."

"அப்படியா? யாராவது மாட்டினாங்களா?" என்றார் முதலாளி, மிகவும் சாந்தமாக.

"யாரும் இல்லை சார்."

"நல்லது." மேனேஜர் போட்ட ரோஜா மாலையை முதலாளி கழற்றி மேஜையில் வைத்தார். "புது வண்டி சத்தமே இல்லாம போகுது. ஆள் மேல ஏறிட்டா என்ன பண்றது? ஹார்ன் அடிக்கச் சொல்லுங்க. பேட்டரி தீர்ந்தா வேற வாங்கிக்கலாம்."

"நானே சொல்லணும்னு இருந்தேன் சார்."

அன்று சாயங்காலம் நைனா தொழிற்சாலையை மூன்று தரம் சுற்றி வந்தார். ஒரு வேலையும் இல்லை. ஹார்ன் அடிப்பதற்காகவே சுற்றினார். கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தார். ஷெட்டுக்கு ஷெட் கை தட்டினார்கள்.

மறுநாள் காலை மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் இருந்த பேப்பர்வெயிட்டைக் கொஞ்ச நேரம் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"நேத்து முதலாளி ரவுண்ட்ஸ் போனப்போ நீயும் வண்டியில இருந்தியாமே."

"இருந்தேன் சார்."

"பேக்கிங் ஷெட்டுக்குப் போனீங்களா?"

"போனோம் சார். ஆனா நான் பின்பக்கம் பாத்து உக்காந்திருந்தேன்."

அந்த வண்டியில் பின்பக்கம் பார்த்த சீட்டே கிடையாது. அது அவருக்கும் தெரியும். பேப்பர்வெயிட்டை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

"சரி, போம்மா. போற வழியில ஸ்டோர்ல சொல்லிடு. பழைய வண்டியை விக்க வேண்டாம். அதுவும் இருக்கட்டும்."

அதன் பிறகு அவர் ரவுண்ட்ஸுக்கு எந்த வண்டியிலும் ஏறவில்லை, நடந்தே போனார். அதற்கென்று மெட்ராஸில் புதிதாக ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்தார். ஒவ்வொரு அடிக்கும் கிரீச் கிரீச் என்று அது போடும் சத்தம் கேன்டீன் வரைக்கும் கேட்கும். எண்ணெய் போட்டால் சரியாகிவிடும் சார் என்று நைனா ஒரு நாள் சொல்லியும் பார்த்தார். மேனேஜர் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை.